அரை மணிக்கு ஒரு போர்டு

கோமதி, இதைப் படித்து முடிக்கும்வரை நீ கீழே இறங்கி வராதே. வந்தால் நான் கத்துவேன். நீ பதில் சொல்லாமல் நிற்பாய். உன் நைனா நடுவில் புகுந்து யாருக்கு டீ வேணும் என்று கேட்பார். சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் நடப்பது அதுதான். அதனால் கடையில் ஆள் இல்லாத இந்த மத்தியான வேளையில், கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். நிதானமாகப் படி.

நேற்று சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தேன். நீயும் மாப்பிள்ளையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. உன் குரல் அடுத்த தெரு வரைக்கும் போனால் அதற்கு நான் என்ன செய்வேன்? "நீங்க முன்னாடி போங்க. நான் ஆறு மாசம் கழிச்சு வரேன். அம்மாவால அந்த மிஷினைப் பாத்துக்க முடியாது" என்றாய். அம்மாவால முடியாதாம்! கோபத்தில் கொடியில் கிடந்த உன் பச்சை சுடிதாரை கிளிப்போடு சேர்த்து இழுத்துவிட்டேன். காலையில் அதன் தோள் கிழிந்திருப்பதைப் பார்த்து எலி என்று சொன்னாயே, அது எலி இல்லை, உன் அம்மாதான்.

சிங்கப்பூரில் உனக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது. விளையாட்டு மிஷின்களை ஒன்றோடு ஒன்று பேச வைக்கிற கம்பெனி. அவர்கள் உன் மார்க்கைக் கேட்கவில்லை, மந்தைவெளியில் என்ன செய்தாய் என்றுதான் கேட்டார்கள் என்று நீயே சொன்னாய். ஆறு மாசம் அந்த நாற்காலி காலியாக இருக்குமா? சுண்டல் பொட்டலமா அது, எடுத்து வைத்திருந்து கொடுக்க? நீ எனக்காக அதை விடப் பார்க்கிறாய். அது எனக்குத் தெரிந்துபோனது. நடக்க விடமாட்டேன். ஏன் விடமாட்டேன் என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்லப் போகிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனால் அந்தக் கதையை நீ மிஷின் பக்கமிருந்து பார்த்தாய். நான் கல்லாப் பக்கமிருந்து பார்த்தேன்.

உன் நைனா பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். ஒரு பழைய கிளப் கட்டடத்தை இடித்தபோது ரெண்டு பின்பால் மிஷினை ஏலத்தில் எடுத்து, மீன்பாடி வண்டியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்ன இது என்று கேட்டால், "விளையாட்டு" என்று ஒரே வார்த்தை. சாய்ந்த மேஜை, மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஓடும். ரெண்டு பக்கமும் இருக்கிற பொத்தானை அழுத்தினால் உள்ளே ரெண்டு சின்னக் கைகள் அதைத் திருப்பி அடிக்கும். பட்ட இடத்திலெல்லாம் மணி அடித்து எண் ஏறும். குண்டு கீழே இருக்கிற ஓட்டையில் விழுந்தால் போச்சு. மிஷினை யாராவது இடுப்பால் இடித்து ஏமாற்றப் பார்த்தால் அது கோபித்துக்கொண்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்காரும். உன் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பார் நைனா. ஒரு மிஷின் நம் வீட்டு முன்பக்கக் கடையில், இன்னொன்று அடையாற்றில் உன் மாமா ஏகாம்பரம் கடையில். டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற காலேஜ் பசங்களும், லோடு இறக்கிவிட்டு வருகிறவர்களும், ஆபீஸ் முடிந்து டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் நான் அக்கா. சத்தம் போட்டால் அடங்குவார்கள். அந்தக் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் ஊரில் ஒரு பேர் உண்டு என்று தெரிந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. டி.வி.யில் சொருகி விளையாடுகிற சின்னப் பெட்டி வந்தது. பசங்க வீட்டிலேயே சட்டையில்லாமல் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார்கள். ஊருக்குச் சென்னை என்று பேர் மாற்றிய சமயம் நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். நம் கடைப் பலகையில் மட்டும் இன்னும் மெட்ராஸ் என்று இருந்தது. அதை மாற்றி எழுதச் சொல்ல யாருக்கும் மனசில்லை, ஏனென்றால் பலகையையே கழற்றுகிற நிலைமை. உன் நைனா ஜெராக்ஸ் கடை வைக்க இடம் தேடிய சேகருக்கு, தீபாவளிக்குப் பிறகு எடுத்துக்கோ என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் சம்பளத்தில் அடுப்பு எரியும். ஆனால் அந்தக் கடை எனக்கு என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன். நீ அப்போது காலேஜில் கடைசி வருஷம். வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு வெங்காயம் போடற சமையலே இல்லியேம்மா" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. அன்றைக்கே நீ கடையைக் காப்பாற்றுகிற வேலையை ஆரம்பித்துவிட்டாய் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வேலுவை வைத்துத்தான் உனக்குப் பிடி கிடைத்தது. ஆட்டோ பாகங்கள் கடையில் வேலை செய்கிறானே, அவன்தான். நம் மிஷினில் நல்ல ஸ்கோர் எடுத்தால் பேரின் மூன்று எழுத்தை அதிலேயே போட்டு வைக்கலாம். வேலு முதல் இடத்தைப் பிடித்துப் போட்டு வைத்திருந்தான். கல்யாணமான புதிதில், பெண்டாட்டியைப் பட்டுப் புடவையில் கூட்டிக்கொண்டு வந்தான், தன் பேரைக் காட்டுவதற்கு. அவன் வந்து நின்ற நேரம், மத்தியானம் கரண்ட் போய் வந்திருந்தது. மிஷினின் பாட்டரி செத்து எத்தனையோ காலம். கரண்ட் போனால் அதற்கு எல்லாப் பேரும் மறந்துபோகும். வேலு அந்தப் பொண்ணிடம், "இங்கதான் இருந்துச்சு, சத்தியமா" என்று சொல்லிக்கொண்டே மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை, பாவம், நம்பினேன் என்று தலையாட்டியது. அதற்கப்புறம் வேலு வரவில்லை.

அன்றைக்கு நீ என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். "இவங்க குண்டு அடிக்க வரலம்மா. பேரு நிக்குதான்னு பாக்க வராங்க" என்றாய். எனக்கு அப்போது அது பெரிசாகப் படவில்லை. இத்தனை வருஷம் டோக்கன் கொடுத்த நான் பார்க்காததை நீ பார்த்தாய். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ரிச்சி தெருவில் அலைந்து ரெண்டு பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்தாய். மிஷினில் எண் காட்டுகிற இடத்திலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினாய். நைனா உன்னைத் திட்டிக்கொண்டே சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக் கொடுத்தார். யார் விளையாடினாலும் பேரும் ஸ்கோரும் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்தன. இனி கரண்ட் போனாலும் அழியாது. அதோடு நீ விட்டிருக்கலாம். விடவில்லை. மோடம் என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டு வந்து நம் டெலிபோன் ஒயரில் மாட்டி, அடையாற்றில் மாமா கடையிலும் ஒன்றை மாட்டினாய். ரெண்டு கடையிலும் சுவரில் பழைய டி.வி. ஒன்று. அதில் மந்தைவெளி பேர்களும் அடையாறு பேர்களும் ஒரே வரிசையில், யார் மேலே யார் கீழே என்று. இதற்குப் பசங்க வைத்த பேர் போர்டு.

முதல் நாள் அந்தப் பெட்டி கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி கத்தியது. பிறகு போர்டில், யாரோ முகம் தெரியாத ஒருத்தனின் மூன்று எழுத்து அடையாற்றிலிருந்து வந்து நம் பசங்க தலைமேல் உட்கார்ந்தது. கடையில் இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் நம்மைவிட மேலேயா என்று ஒருத்தன் பஸ் பாஸைக் கடித்துக்கொண்டு டோக்கனுக்குக் கை நீட்டினான். ஒரே வாரத்தில் வரிசை திரும்ப வந்தது. எங்கிருந்தோ கேள்விப்பட்டு வேலுவும் வந்தான். எனக்குச் சேகரின் முகம் மறந்தே போனது.

அப்புறம்தான் டெலிபோன் விவகாரம். நம் தெருவில் அப்போது போன் இருந்தது நம் கடையில் மட்டும்தான். அது நமக்கு மட்டும் போன் இல்லை. தெருவில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையிலும், வேலைக்குப் போட்ட மனுவிலும் நம் நம்பரைப் பி.பி. என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். போன் வந்தால் நான் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பேன். கையில் சோற்றுப் பருக்கையோடு ஓடி வருவார்கள். நல்ல சேதியும் வரும், கெட்ட சேதியும் வரும். எது வந்தாலும் முதலில் என் காதில் விழுந்துதான் அவர்களுக்குப் போகும். அந்த ஒயரை உன் மோடம் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் எங்கேஜ். எனக்கு அது உறைக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் போன் மணி அடிக்காததையே நான் கவனிக்கவில்லை. உனக்கும் உறைக்கவில்லை. கெட்டிக்காரியாக இருந்து என்ன, தெருவில் யார் யார் காது அந்த ஒயரில் இருக்கிறது என்று நீ யோசிக்கவில்லை.

மாடி வீட்டு சரோஜாவின் புருஷன் குவைத்தில். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, அன்றைக்கு ஆறு மணிக்குத்தான் அவரால் பேச முடியும். சரோஜா வாரா வாரம் தலைக்குக் குளித்து, பூ வைத்து, போட்டோ எடுக்கப் போகிறவள் மாதிரி வந்து கடை ஸ்டூலில் உட்காருவாள். அந்த வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தாள். ஆறு ஆனது, ஆறரை ஆனது. பசங்க போர்டைப் பார்த்துக் கூச்சல். அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே உன் மிஷின் கரகரவென்று பேசிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, "லைன் எங்கேஜாவே கீதுக்கா. அவர் அங்கருந்து போட்டுப் போட்டுப் பாத்துட்டுப் போயிருப்பாரு" என்றாள். பூவைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள்.

எனக்கு வந்ததே கோபம்! அது உன்மேல் பாதி, என்மேல் பாதி. ஆனால் கத்தியது முழுக்க உன்னை. "இன்னாடி பண்ணி வெச்சிருக்க? ஒரு பொம்பள புருஷன் குரலைக் கேக்க வழியில்லாம, இவனுங்க குண்டு உருட்றதுதான் பெருசா?" என்று கேட்டு, எல்லாப் பசங்களும் பார்க்க, அந்த ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தேன். போர்டு அப்படியே நின்றது. நீ குனிந்து ஒயரை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனாய். கூட்டம் கலைந்தது. ஒரு வாரம் போர்டு இல்லை. வரிசை மறுபடியும் இளைத்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நைனா என்னிடம், "சேகர் அளவெடுக்க வரேன்றான்" என்றார். வரச்சொல்லுங்க என்றேன். ஒயரைப் பிடுங்கியது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஒயரோடு என் கல்லாவையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நீ அந்த வாரம் என்ன செய்தாய் என்பதுதான் நான் ஊரெல்லாம் சொல்கிற கதை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போனாய். முதலில் சரோஜா வீட்டுக்குப் போய், அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு, உங்களுக்கு எப்போதெல்லாம் போன் வரும் என்று கேட்டாய். அப்படியே தெரு முழுக்க. பிறகு மிஷின் பக்கம் போய் உட்கார்ந்தாய். நீ வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு செய்வாய், அது உனக்கே தெரியாது. "இது எதுக்கு ஓயாமப் பேசணும்? சேத்து வெச்சு மொத்தமாப் பேசினா ஆவாதா?" என்றது என் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். கம்ப்யூட்டர் ஸ்கோரையெல்லாம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை அடையாற்றைக் கூப்பிட்டு, மொத்தத்தையும் சொல்லி, அங்கே இருப்பதை வாங்கிக்கொண்டு, வைத்துவிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. மீதி நேரம் லைன் தெருவுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷின் வாயே திறக்காது.

"பசங்க அரை மணி காத்துக்கினு இருப்பாங்களாடி?" என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாய் பார், அப்போதே எனக்குப் பாதி தைரியம் வந்தது.

காத்திருந்தார்கள். அதுதானே வேடிக்கை! முன்பு ஸ்கோர் உடனுக்குடன் வந்தபோது பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது அடையாற்றுக்காரன் என்ன அடித்தான் என்று அரை மணி வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஐந்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மிஷினை விட்டுவிட்டு எல்லாரும் டி.வி. முன்னால் கூடிவிடுவார்கள், தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி. பெட்டி கீச்சென்றதும் கடை அடங்கிப்போகும். போர்டு மாறியதும் ஒரு கூச்சல். போனவர்கள் அடுத்த போர்டுக்குத் திரும்பி வருவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாமா கடையிலும் இதே கதைதானாம். தெருவில் இருப்பவர்களுக்கும் பழகிவிட்டது. போன் பேச வந்தவர்கள், "மிஷின் பேசிட்டுப் போவட்டும்" என்று நின்று போர்டைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சரோஜா வெள்ளிக்கிழமை போன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஒரு டோக்கன் வாங்கினாள். வளையல் கையோடு அவள் அடிக்கிற அடியைப் பார்த்து வேலு வாயைப் பிளந்தான். இப்போது குவைத்திலிருந்து போன் வந்தால் அவர் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று இல்லை, எத்தனாவது இடம் என்றுதான்.

சேகர் அளவெடுக்க வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி போர்டு நேரம். கையில் டேப்போடு வாசலிலேயே நின்றான். உள்ளே கால் வைக்க இடமில்லை. உன் நைனா அவன் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "எங்கப்பா அளக்கறது? வேற எடம் பாத்துக்கோ. நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோ" என்றார். வாக்குக் கொடுத்தால் மாறாத மனிதர் அவர். உனக்காக மாறினார். மறுநாள் பெயின்டரைக் கூட்டி வந்து பலகையில் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுத வைத்தார். உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். டிப்போவில் போய்ச் சொன்ன சொல்லில் ஒரு பஸ் நிறையும் என்று அவர் கூட்டாளிகள் என்னிடம் சொன்னார்கள்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் அத்தை என் காதில், பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கான்னு மட்டும் சொல்லு, கேம்ஸ் கடையை இழுக்காதே என்றாள். நான் என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள், மாப்பிள்ளையின் அம்மா உன்னையே கேட்டுவிட்டார்கள். நீ தட்டை வைத்துவிட்டு, தி. நகரில் ஜவுளி எடுத்துக்கொண்டு வந்தவள் விலை சொல்கிற மாதிரி, பின்பால் மிஷினில் ஆரம்பித்து பி.பி. நம்பர் வரைக்கும் கூச்சமில்லாமல் சொன்னாய். சரோஜாவின் போன் உன்னால் தவறியதையும் சொன்னாய். அந்த அம்மா சிரித்து, "தப்பையும் சேத்துச் சொல்ற பொண்ணு, எங்களுக்குப் போதும்" என்றார்கள். அன்றைக்கு வராத மாப்பிள்ளை மறுநாளே கடைக்கு வந்து டோக்கன் வாங்கினார், போட்டோவில் பார்த்த முகம் எனக்குத் தெரியாது என்கிற நினைப்பில். ஸ்கோர் படு மோசம். போர்டில் கடைசியில்கூட இடம் கிடைக்கவில்லை. மனசு நல்ல மனசு, போகட்டும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? அங்கே போனதும் உன்னைவிடப் படித்தவர்கள், பெரிய பெரிய மிஷின் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் நடுவில் உன்னை நீயே சின்னதாக்கிக் கொள்ளாதே. வேலு தன் பெண்டாட்டியைக் கூட்டி வந்த நாளை நீ பார்த்திருக்கிறாய், அவர்கள் பார்க்கவில்லை. புதிதாக ஒன்றைச் சொருகுவதற்கு முன்னால், அதே ஒயரில் வேறு யார் காத்திருக்கிறார்கள் என்று கேள். கேட்டுவிட்டு அவர்களுக்காகவும் சேர்த்துச் செய். தடுக்கிறவர்கள் எல்லாரும் எதிரியில்லை, நான் அன்றைக்குத் தடுத்ததால்தானே அரை மணி போர்டு வந்தது! இந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும், விட்டுக்கொடுக்க மாட்டேன். மாப்பிள்ளையோடு சண்டை வந்தால் என்னை மாதிரி கத்தாதே, உன்னை மாதிரி வாயை மூடிக்கொண்டும் நிற்காதே. ரெண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருக்கும், கண்டுபிடி. நீ கண்டுபிடிக்கிற ஆள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவால் முடியாது என்றாயே. இன்றைக்குக் காலையில் நீங்கள் ரெண்டு பேரும் மயிலாப்பூர் கோவிலுக்குப் போயிருந்தபோது, நான் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லா ஒயரையும் கழற்றினேன். ஆமாம், எல்லாவற்றையும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். நீ வாய்க்குள் பேசிக்கொண்டே செய்வாயே, அத்தனை நாளும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று நினைத்தாய்? முதலில் டெலிபோன் ஒயரைத் தப்பான ஓட்டையில் சொருகிவிட்டேன், பெட்டி செத்த மாதிரி கிடந்தது. என்னையே நான் திட்டிக்கொண்டு மாற்றிச் சொருகினேன். கம்ப்யூட்டரை எழுப்பி, நீ தட்டுகிற அந்த வரியைத் தட்டினேன். ஒரு எழுத்து தப்பாகப் போய்த் திரும்பத் தட்டினேன். அப்புறம் ஒரு டோக்கனைப் போட்டு நானே விளையாடினேன். ஸ்கோர் கேவலம்தான், காலை நேரத்தில் வேறு யாரும் இல்லாததால் போர்டின் அடியில் வருகிற இன்றைய வரிசையில் இடம் கிடைத்தது. மூன்று எழுத்து கேட்டது. ஏ, எம், எம் என்று போட்டேன். பதினொன்றரைக்குப் பெட்டி கோழி மாதிரி கத்தியது. அந்தச் சத்தம் எனக்கு அத்தனை இனிப்பாக இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அடுத்த நிமிஷம் அடையாற்றிலிருந்து உன் மாமா போன் பண்ணி, "இன்னாக்கா, போர்டுல ஏ எம் எம்னு ஒருத்தன் வந்துகீறான், யாரு புதுசா?" என்றான். நான்தான்டா என்றேன். அவன் நம்பவில்லை. நீ இறங்கி வந்ததும் போர்டைப் பார், இன்னும் இருக்கும்.

அதனால் மாப்பிள்ளையோடு அதே விமானத்தில் நீயும் ஏறுகிறாய். கெட்டுப்போனால் கழற்றி மாட்டுவேன். அதற்கும் சரியாகாவிட்டால் சிங்கப்பூருக்குப் போன் போட்டு உன்னைத் திட்டுவேன். தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் வாருங்கள். அதற்குள் சரோஜாவிடம் பாடம் கேட்டு முதல் பத்து இடத்துக்குள் வந்துவிடுவேன். முடிந்தால் என்னைத் தாண்டிக் காட்டு.

இன்னும் ஒன்று. அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்று மாப்பிள்ளை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் கடையில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நான் பிடுங்கி எறிந்த அதே ஒயரை ஆறு மணிக்கு நானே கழற்றி வைத்துவிட்டு, சரோஜா உட்காருகிற ஸ்டூலில் உட்காருவதாக இருக்கிறேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி போர்டு கிடையாது என்று கொஞ்ச நேரம் முன்பு கடைக்கு வந்த வேலுவிடம் சொல்லியும் விட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது, ஏன்க்கா என்று கேட்டான். "அந்த நேரத்துல எனக்கு போன் வரும்டா" என்றேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, கண்ணு. போய் வா.